கப்பல் காத்திராது

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனச் சங்கத்தார் கேட்டபொழுது, தமிழாசிரியராதலின் இலக்கியப் பொருளொன்றையே எழுதுவேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். மலரின் ஏனைய பக்கங்களில் இலக்கியத்துக்குக் குறைவிராது. யான் ஈண்டு எடுத்துக்கொண்டது விமானச் சீட்டு வாங்கும் காரியம். இஃதென்ன பொருள் என நகைப்போர் இறுதிவரை வாசித்தபின் நகைப்பாராக.

சல்லிக் கரையில் வாழும் எமக்குக் கப்பல் புதிய காட்சியன்று. ஆயினும் அண்மைக் காலத்தில் திருகோணமலைத் துறைக்கு வருங் கப்பல்களுள் ஒருவகை எம்மவரின் பேச்சிலும் ஆசையிலும் இடம்பிடித்துவிட்டது. அவை சரக்கேற்றுவன அல்ல. ஓரூரிலிருந்து மற்றோர் ஊருக்கு ஆட்களைக் கொண்டுசெல்வனவும் அல்ல. உண்டு உறங்கி ஊர்கள் சிலவற்றைப் பார்த்துப் புறப்பட்ட துறைக்கே மீளும் உல்லாசக் கப்பல்கள். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ‘எம்பிரஸ்’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய நம் நாட்டுத் துறைகளைத் தொட்டுச் சென்றது. 1990இல் வேறொரு பெயருடன் அமெரிக்கக் கடல்களில் ஓடத் தொடங்கிய பழங்கப்பல் அது. அதன் பிரயாணம் சென்னையில் தொடங்கிச் சென்னையிலேயே முடிவதாக விற்கப்பட்டது. எனவே, நம் வாசலுக்கு வருங் கப்பலில் விருந்தினராக அமர விரும்பிய திருகோணமலையார் முதலிற் சென்னைக்குப் பறந்தாக வேண்டும் என்னும் வேடிக்கை நேர்ந்தது. சிங்கப்பூரிலிருந்து புறப்படுங் கப்பல்களை நாடுவோர்க்கும் நிலைமை இதுவே. கப்பலேறுவதற்கு முன் விமானம் ஏற வேண்டும்.

இவ்விரண்டுக்கும் இடையிலே உள்ள பொருத்து யார் கையில் இருக்கிறது என்பதே என் வினா. விமானக் கம்பெனியின் பொறுப்பு விமான நிலையத்தோடு முடிகிறது. கப்பற் கம்பெனியின் பொறுப்பு துறைமுகத்தில் தொடங்குகிறது. நடுவில் உள்ள வெளி ஒருவர்க்கும் உரியதன்று. அதில் நிற்பவர் பிரயாணி ஒருவரே. ஆதலின் விமானம் வந்திறங்கும் நாளுக்கும் கப்பல் புறப்படும் நாளுக்கும் இடையே ஓரிரவு இருத்தல் வேண்டும் என்பதும், அவ்விரவை வேண்டிநிற்கும் அச்சம் நகைப்புக்குரியதன்று என்பதும் என் கட்சி.

பழையோர் இத்தகைய வெளியை நன்கு அறிந்திருந்தனர். 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே ‘போட் மெயில்’ என்னும் பிரயாண ஒழுங்கு ஏற்பட்டது. எழும்பூரில் ஒரே சீட்டை வாங்கியவர், தனுஷ்கோடி வரை ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னார் வரை நீராவிக் கப்பலிலும், பின் மீண்டும் ரயிலிலும் கொழும்பு கோட்டை வந்து சேர்ந்தார். ரயிலின் நேரமும் கப்பலின் நேரமும் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டிருந்தன. பிரயாணி கணக்குப் பார்க்க வேண்டியதில்லை; கணக்கைச் சீட்டு விற்றவர் பார்த்திருந்தார். 1964 டிசெம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அந்த இறங்குதுறையும் அழிந்தது. அன்றைய பிரயாணம் இன்றையதிலும் மெதுவானது, வசதியுங் குறைந்தது. ஆயினும் தனியே வந்த ஒருவர் அதிற் கவலையின்றி உறங்கியிருத்தல் கூடும். இன்று கைத்தொலைபேசியில் இரண்டு நிமிடத்தில் விமானச் சீட்டு ஒன்று, மறு நிமிடத்தில் கப்பற் சீட்டு ஒன்று என வாங்குகிறோம். அவ்விரு சீட்டுகளும் ஒன்றையொன்று அறியா.

“விமானம் காலை ஏழு மணிக்கு இறங்குகிறது, கப்பல் மாலை ஐந்துக்குத்தான் விடுகிறது, நடுவிற் பத்து மணி நேரம் கிடக்கிறதே” என்பர் மறுப்போர். கப்பல் ஐந்துக்குப் புறப்படினும் பதிவு ஐந்து மணிவரை நடவாது. புறப்பாட்டுக்கு ஒரு மணி, சிலவற்றில் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே வாயில் மூடப்படும். கடவுச்சீட்டுச் சோதனை, பயணப்பொதிக்குக் காத்திருத்தல், துறைமுகத்துக்குச் செல்லும் வீதி ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தால் பத்து மணி ஐந்தாறாகச் சுருங்கிவிடும். இத்தனையும் விமானம் நேரத்துக்கு வந்தால் மாத்திரமே.

திருகோணமலையாருக்கு இன்னுமொரு கழித்தல் உண்டு. சீனன்குடாவில் விமானத்தளம் நம் பக்கத்திலேயே இருந்தும், வெளிநாடு செல்லும் பொதுமக்கள் விமானச் சேவை அங்கு இல்லை. கட்டுநாயக்காவுக்குப் போக வேண்டும். அல்லது 2019 ஒக்டோபரிற் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலிக்குப் போக வேண்டும். இரண்டும் எமக்கு ஏறத்தாழ ஒரே தூரம். 250 கிலோமீற்றருக்குச் சிறிது முன்பின். பலாலி வழி சென்னை செல்வோர்க்கு வானத்தில் ஒன்றேகால் மணியளவே ஆகும். ஆனால் அது சிறிய விமானம், பொதியின் நிறைக்குக் கட்டுப்பாடு மிகுதி. தரைவழி என்பதோ கந்தளாய், ஹபரணை எனக் காடும் குளமும் ஊடறுக்கும் வழி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டைத் தாக்கியபொழுது வீதிகளும் பாலங்களும் அறுந்து ஊருக்கு ஊர் தொடர்பற்றுப் போனதை நாம் மறக்கவில்லை. அந்நாட்களிற் கையிற் கப்பற் சீட்டு வைத்திருந்தவர் நிலையை எண்ணிப் பாருங்கள்.

சென்னைப் பக்கமும் பருவத்துக்கு விலக்கன்று. 2015 டிசெம்பர் வெள்ளத்தில் அந்நகர விமான நிலையம் நாட்கணக்கில் மூடுண்டது. 2023 டிசெம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயலாலும், 2024 நவம்பர் 30ஆம் தேதி பெஞ்சல் புயலாலும் மீண்டும் மூடப்பட்டது. வடகீழ்ப் பருவக்காற்றின் மாதங்கள் இருகரைக்கும் பொது. காற்றும் மழையும் இல்லாமலே கெடும் நாட்களும் உண்டு. 2024 ஜூலை 19ஆம் தேதி கணினிப் பாதுகாப்பு மென்பொருளொன்றில் நேர்ந்த பிழையால் உலகெங்கும் விமானங்கள் நின்றன. இந்திய விமான நிலையங்களில் ஏறுஞ் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர். 2025 டிசெம்பர் முதற் கிழமையில், விமானிகளின் ஓய்வு பற்றிய புதுவிதிகளுக்கு ஆயத்தமாகாத காரணத்தால், இந்தியாவின் மிகப்பெரிய விமானக் கம்பெனி ஆயிரக்கணக்கான விமானங்களை நிறுத்திற்று. இவற்றுட் பலவற்றுக்கு ஓரிரவு போதியிருக்கும். எல்லாவற்றுக்கும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி ஏறத்தாழ ஆறு நாள் முடங்கியது. அதற்கு முன்னிரவு எதுவும் மருந்தாகாது. காப்புறுதி ஒன்றே துணை. அக்காப்புறுதியும், விமானத் தாமதத்தாற் கப்பலைத் தவறவிடுதலை ஏற்கும் என வெளிப்படையாக எழுதியிருந்தால் மாத்திரமே பயன்படும்.

இனித் தனியே செல்வோர் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் எனக்கு அறிமுகமான மூதாட்டி ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் மறைந்தபின், பிள்ளைகள் கடல்கடந்து போனபின், தமது ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்துச் சிங்கப்பூரிலிருந்து ஒரு கப்பற் பிரயாணம் செல்லத் துணிந்தார். துணிந்தவர்க்கு அச்சம் இராது என எண்ணுதல் தவறு. விமானம் பிந்தினால் யாரைக் கேட்பது, கழிவறைக்குப் போகையிற் பொதியை யாரிடம் விடுவது, கைத்தொலைபேசி உயிரிழந்தால் விடுதியின் பெயரை எங்ஙனம் காட்டுவது என அவர் வினவிய வினாக்கள் நீண்டன. “அம்மா, அன்று காலையே போய் இறங்கினாற் போதும், வீணாக ஏன் விடுதிக்கு ஒருநாட் காசு?” என்றார் ரொறன்ரோவிலிருந்து மகன். சுற்றத்தாரோ, இந்த வயதிற் தனியே எதற்கு என்றனர். ஒருவர் அச்சத்தை நகைத்தார். மற்றவர் ஆசையை நகைத்தார்.

இருவருக்கும் யான் மாறுபடுகிறேன். பூம்புகார் மரக்கலங்களை வகுப்பறையில் வானளாவப் புகழ்ந்துரைக்கும் எம்மவர், வீட்டில் ஒரு பெண் தனியே கப்பலேறப் போகின்றார் என்றதும் முகஞ் சுளிப்பது விந்தை. அது நிற்க. அச்சத்தைப் பற்றியே சொல்கிறேன். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுதலை வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்திற்தான் வைத்தார். காற்று மாறும் குறிகண்டு வள்ளத்தைக் கரையேற்றும் எங்கள் சல்லி மீனவனை ஒருவரும் கோழை என்பதில்லை. அந்த ஆசிரியையின் வினாக்கள் ஒவ்வொன்றும் விடையுள்ள வினாக்களே. விடுதியின் பெயரையும் முகவரியையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தால் ஒரு வினா தீர்ந்தது. மருந்து, கடவுச்சீட்டு, ஒருநாள் மாற்றுடை ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்தால் இன்னுமொன்று தீர்ந்தது. ஓரிரவு முன்னே போனாற் பெரிய வினா தீர்ந்தது.

மேலும், தனியர் இழப்பது பிறர் இழப்பதிலும் அதிகம். உல்லாசக் கப்பல்களின் அறைகள் இருவர்க்கென அமைந்தவை. ஒருவர் மாத்திரம் தங்கினால் பெரும்பாலும் இருவர் கட்டணத்தை அண்மிய தொகையே அறவிடப்படும். 2010இல் ஓடத் தொடங்கிய ‘நோர்வீஜியன் எபிக்’ என்னும் கப்பலில் தனியர்க்கென 128 சிற்றறைகள் அமைக்கப்பட்டபொழுது அது புதுமையெனப் பேசப்பட்டது. இன்றும் அத்தகைய அறைகள் விரைவில் நிரம்பிவிடுவன. கப்பலைத் தவறவிட்ட கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் நொந்துகொண்டாவது அடுத்ததை யோசிப்பர். தனியர், இருவர் பணத்தை இழந்து, அறியாத ஊரில் ஒருவராய் நிற்பார். அடுத்த துறையிற் போய் ஏறிக்கொள்ளலாம் என்பாரும் உளர். அதற்கு வேறொரு விமானச் சீட்டு, சில வேளை வேறொரு நாட்டின் விசா, கப்பற் கம்பெனியின் சம்மதம் மூன்றும் வேண்டும். அமெரிக்காவிலோ 1886ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பிறநாட்டுக் கொடியுடைய கப்பல் தன் நாட்டுத் துறைகளுக்கிடையே பிரயாணிகளைக் கொண்டுசெல்வதைத் தடுப்பதால், சில வழிகளில் அதற்கு இடமேயில்லை. இவையனைத்துக்கும் எதிரே ஓரிரவு விடுதிக் கூலியை நிறுத்துப் பாருங்கள்.

சீட்டு வாங்கும் முறையிலும் சில கவனிக்கத்தக்கன. நேரான விமானம் கிடைக்குமாயிற் சிறிது விலை கூடினும் அதனையே தெரிக. வழியில் மாறிச் செல்வது தவிர்க்க முடியாதாயின், இரு பகுதியும் ஒரே சீட்டில் இருத்தல் வேண்டும். அப்பொழுது முதல் விமானம் பிந்தினால் அடுத்ததில் ஏற்றிவிடுதல் கம்பெனியின் கடமை. மலிவென்று தனித்தனிச் சீட்டாக வாங்கினால் அக்கடமை ஒருவர்க்கும் இல்லை. சில கப்பற் கம்பெனிகள் விமானச் சீட்டையும் தாமே ஒழுங்கு செய்து தருவதுண்டு. விலை சற்று மிகினும், பொருத்து ஒரே கைக்கு வருகின்றது; போட் மெயிலின் எச்சம் என்றே அதனைக் கருதலாம். ஊரிலுள்ள பயண முகவரிடம் வாங்குவோர், கப்பற் பிரயாணத்துக்காகப் போகிறேன் என்பதைத் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். அவர் மலிவான சீட்டைத் தேடுவாரேயன்றிக் கப்பலின் நேரத்தைத் தேடார்.

கட்டுநாயக்காவிலிருந்து சிங்கப்பூர் செல்லும் விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பின் புறப்படுவன. 12ஆம் தேதி 12.30 எனச் சீட்டில் அச்சிட்டிருந்தால் 11ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருத்தல் வேண்டும். சல்லியிலிருந்து 11ஆம் தேதி காலையிலேயே புறப்படல் நன்று. 12ஆம் தேதி பகல் முழுதும் ஆறுதலாகப் பொதி கட்டியவர் கதைகளை முகவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சிங்கப்பூர் நேரம் எங்கள் நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது; நான்கு மணிப் பறப்பு என்றாலும் கடிகாரத்தில் ஆறரை மணி நகர்ந்திருக்கும். இந்திய நேரமும் எங்கள் நேரமும் 2006 முதல் ஒன்றே. அங்கே இத்தொல்லை இல்லை. ஆனால் அங்கே வேறொன்று உண்டு. சென்னையிற் கப்பலேறி இலங்கைத் துறைகளைத் தொட்டு மீள்பவர் இந்தியாவுக்குள் இருமுறை நுழைகிறார்; ஒருமுறை நுழைவுக்கு மாத்திரம் செல்லும் விசா அவருக்குப் போதாது. சிங்கப்பூர் வழிச் செல்வோரும் கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியே விசாவைப் பற்றி விசாரித்தல் வேண்டும். கப்பலை விட்டிறங்க எண்ணமில்லை எனினும் விசாரித்தே ஆக வேண்டும். சில கம்பெனிகள் அஃதின்றி ஏற்றா.

வெளிநாடுகளிலிருந்து இம்மலரை வாசிக்கும் பழைய மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாய்க்கோ தந்தைக்கோ நீங்கள் அங்கிருந்து சீட்டு வாங்கி அனுப்புகிறீர்கள், நன்று. உங்கள் விமான நிலையம் உங்கள் வீட்டிலிருந்து அரைமணித் தூரம் என்பதையும், அவர்களுடையது ஒரு பகற் பயணம் என்பதையும் சீட்டு வாங்கும் அவ்விரண்டு நிமிடத்தில் நினைவிற் கொள்ளுங்கள். மேலே சொன்ன ஆசிரியையின் மகன் ஈற்றில் விடுதிக்கும் சேர்த்தே பணம் அனுப்பினார். இறங்கும் நாளுக்கு மறுநாளே கப்பல். திரும்பும் விமானத்தை மட்டும், கப்பல் துறைசேரும் நாளன்று காலை பத்து மணிக்கு எடுத்துவிட்டார். துறை சேர்ந்ததும் எல்லோரும் ஒருங்கே இறங்க இயலாது. முறைப்படி பகுதி பகுதியாகவே விடுவர். அச்சீட்டை மாலை விமானத்துக்கு மாற்றும் அலுவலை இப்பொழுது ஆசிரியையே தொலைபேசியிற் பார்த்துக்கொண்டிருக்கிறார்.