மடி பாதுகாப்பாகாது

கொல்கத்தாவின் மா மேம்பாலத்தில் விரையும் கார்களில், அம்மா மடியில் குழந்தை. நமக்கும் பார்த்துப் பழகிவிட்டது. 14 வயதுக்குட்பட்டவர்களைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். சரி, இருக்கையை வாங்கியவருக்கு அதைப் பொருத்தக் கற்றுத்தருவது யார்? கடைக்காரர் பெட்டியைத் தூக்கிக் கொடுப்பதோடு சரி. தெரியாமல், பின்னோக்கி அமரும் குழந்தை இருக்கையை ஏர்பேக் உள்ள முன்சீட்டில் மாட்டினால் அதுவே எமன்.

அமெரிக்காவில் இருக்கையைப் பொருத்தக் கற்றுத்தரவென்றே பயிற்சி பெற்றவர்கள் உண்டு. அவர்கள் சான்றிதழும் 2 ஆண்டுதான் செல்லும். புதுப்பிக்க, 5 இருக்கைகளைச் சரியாகப் பொருத்தத் தெரியும் என்று காட்டவேண்டும். இங்கே, துர்கா பூஜை நெரிசலுக்கு முன் போக்குவரத்துப் போலீசாரில் சிலருக்காவது இப்பயிற்சியை மாநில அரசு தரட்டும்.