சூசையப்பர் வந்தாலும் சீட் கிடைக்காது!

சூசையப்பர் தச்சுத் தொழிலாளி. உளியும் ரம்பமும் பிடித்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர் என்று வேதம் சொல்கிறது. 1955ஆம் ஆண்டில் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ், மே முதல் தேதியைத் 'தொழிலாளியான சூசையப்பர்' திருநாளாக அறிவித்தார். நம்முடைய மே தினத்துக்குப் போட்டியாக வந்த திருநாள் அது என்பது உலகறிந்த சங்கதி. போகட்டும். நாம் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். அந்தத் தச்சர் இன்று தம் மகனைக் கையில் பிடித்துக் கொண்டு, அவர் படத்தை வாசலில் மாட்டியிருக்கும் கான்வென்ட் பள்ளிக்குப் போனால் சீட் கிடைக்குமா?

கிடைக்காது என்கிறோம். காரணம் இருக்கிறது.

நமக்குத் தெரிந்த ஒரு தோழர், நூற்பாலையில் கோன் வைண்டிங் வேலை பார்ப்பவர். மனைவி களையெடுப்புக்கும் நடவுக்கும் போகிறவர். மூன்று தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். கிராமத்துக் கோயில் கட்டியபோது அவருடைய தாத்தா கல் சுமந்தார். இன்றும் திருவிழா வரி தவறாமல் கொடுக்கிறார்கள். மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்க, இரவு ஷிப்ட் முடிந்த கையோடு பக்கத்து நகரத்துக் கான்வென்ட் வாசலில் வரிசையில் நின்றார். ஞானஸ்நானச் சீட்டு இருந்தது. பங்குச் சாமியார் கொடுத்த கடிதமும் இருந்தது. விண்ணப்பத்தில் தகப்பன் படிப்பு என்ன, தாயின் படிப்பு என்ன, ஆண்டு வருமானம் எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்தார். உள்ளே கூப்பிட்டார்கள். குழந்தையிடம் ஒரு கேள்விகூட இல்லை; எல்லாக் கேள்விகளும் தாயிடம், அதுவும் இங்கிலீஷில். அந்தத் தாய் தலை குனிந்து நின்றார். பிறகு தமிழில் ஒரு கேள்வி: "வீட்டில் பாடம் சொல்லிக் கொடுக்க யாரம்மா இருக்கிறார்கள்?" கடைசியாகக் 'கட்டட நிதி' என்ற பேச்சு வந்தது. அவருடைய ஐந்து மாதச் சம்பளம்! ரசீது உண்டா என்று கேட்டார். பதில் இல்லை. சீட்டும் இல்லை.

பாடம் சொல்லிக் கொடுக்க வீட்டில் ஆள் இருந்தால் பள்ளிக்கூடம் எதற்கு என்று அந்த இடத்திலேயே கேட்டிருக்க வேண்டும். பிள்ளைக்காக நிற்கும்போது யாருக்குத்தான் வாய் வரும்?

சட்டம் இல்லையா? உண்டு. 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், சர்க்கார் உதவி பெறாத தனியார் பள்ளிகளில் ஆரம்ப வகுப்பு இடங்களில் நூற்றுக்கு இருபத்தைந்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. பிள்ளையையோ பெற்றோரையோ பரீட்சை வைத்துப் பொறுக்குவதும் குற்றம் என்கிறது. ஆனால் 2012ல் சுப்ரீம் கோர்ட், உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்றது. 2014 மே 6ஆம் தேதி அரசியல் சாசன பெஞ்ச் ஒருபடி மேலே போய், உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிகளையும் சட்டத்தின் கைக்கு எட்டாமல் தூக்கி வைத்தது. சர்க்கார் பணத்தில் ஆசிரியர் சம்பளம் வாங்கலாம். சர்க்கார் சட்டம் மட்டும் வாசற்படி ஏறக் கூடாது! 2025 செப்டம்பர் 1ஆம் தேதி இரண்டு நீதிபதிகள் கொண்ட பெஞ்ச், அந்தத் தீர்ப்பு சரிதானா என்று சந்தேகம் எழுப்பி, பெரிய பெஞ்ச் பரிசீலிக்க வேண்டுமென்று பிரதம நீதிபதிக்கு அனுப்பியது.

நன்கொடை வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்தது. அதற்குச் சிறுபான்மை, பெரும்பான்மை என்ற பேதம் கிடையாது. ரசீது இல்லாத பணத்தை எந்தச் சட்டம் பிடிக்கும்?

சிறுபான்மையோர் உரிமைக்கு நாம் விரோதிகளா? ஒருக்காலும் இல்லை. அரசியல் சாசனத்தின் 30வது ஷரத்து அவர்களுக்குப் பள்ளி அமைத்து நடத்தும் உரிமையைத் தருகிறது. அது இருக்கத்தான் வேண்டும். மாதா கோயில் மீது கல்லெறியும் கும்பல் நாட்டில் நடமாடுகிறது. அந்தக் கும்பலும் இன்று 'ஏழைகளுக்குச் சீட்' என்று முதலைக் கண்ணீர் விடுகிறது. அவர்களோடு நாம் ஒரு மேடையில் நிற்க மாட்டோம். அக்ரகாரத்துப் பள்ளிகள் கதவை அடைத்த காலத்தில் சேரிப் பிள்ளைக்கு எழுத்தறிவித்த கன்னியாஸ்திரீகளையும் சாமியார்களையும் நாம் மறக்கவில்லை. இன்றும் கிராமங்களில் தமிழ் வழியில் பீஸ் இல்லாமல் நடக்கும் உதவி பெறும் பள்ளிகள் பல. நம் சண்டை அவற்றோடு அல்ல.

ஆனால் உரிமை யாருடையது? இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016ல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், நாட்டிலுள்ள சுமார் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர்களில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று ஒப்புக் கொண்டது. அதாவது கத்தோலிக்கச் சிறுபான்மை என்று சொல்லப்படுகிறவர்களில் பெரும்பான்மையோர் தலித்துகள்! 2021ல் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த ஆணையத்தின் அரசியல் நமக்குத் தெரியும். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். கிறிஸ்தவச் சிறுபான்மைப் பள்ளிகளில் படிப்போரில் நூற்றுக்கு 74 பேர் சிறுபான்மையைச் சேராதவர்கள். எல்லா மதச் சிறுபான்மைப் பள்ளிகளையும் சேர்த்து, சமூகத்திலும் பொருளாதாரத்திலும் நலிந்தவர்கள் நூற்றுக்கு 9 பேர்கூட இல்லை. பிற மதத்துப் பிள்ளைகள் படிப்பதை நாம் குறை சொல்லவில்லை, நல்லதுதான். தோட்ட முதலாளி மகனுக்கு மதம் ஒரு தடையில்லையே, கூலிக்காரன் மகளுக்கு மட்டும் ஞானஸ்நானச் சீட்டும் ஏன் செல்லவில்லை என்றுதான் கேட்கிறோம்.

அயர்லாந்தைப் பாருங்கள். கத்தோலிக்க தேசம். அங்கே ஆரம்பப் பள்ளிகளில் பத்துக்கு ஒன்பது பிஷப்புகளின் ஆதரவில் நடப்பவை. சம்பளம் சர்க்கார் கஜானாவிலிருந்து. இடம் போதாத பள்ளிகளில் ஞானஸ்நானம் பெறாத பிள்ளை வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டது. கோயிலில் நம்பிக்கையில்லாத பெற்றோர்கூடச் சீட்டுக்காகவே பிள்ளைக்குத் தண்ணீர் தெளித்தார்கள். ஜனங்கள் போராடினார்கள். 2018ல் சட்டம் வந்தது. கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிகளில் அந்தத் தடை ஒழிந்தது. அங்கே எந்தக் கோயிலும் இடிந்து விழவில்லை.

நமக்கும் இதில் பழைய கணக்கு உண்டு. 1957ல் கேரளத்தில் கம்யூனிஸ்ட் மந்திரிசபை வந்தபோது கல்வி மந்திரியாக இருந்த ஜோசப் முண்டசேரி ஒரு கத்தோலிக்கர். தனியார் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் கஜானாவிலிருந்து நேரே கிடைக்க வேண்டும், நியமனத்தில் மேனேஜர் தர்பார் கூடாது என்று மசோதா கொண்டு வந்தார். அதற்கே 'மதத்துக்கு ஆபத்து' என்று கூப்பாடு போட்டார்கள். சாதித் தலைவர்களும் காங்கிரசும் கைகோத்தார்கள். 1959 ஜூலை 31ல் மந்திரிசபையே கலைக்கப்பட்டது. மேனேஜர்களின் பணப்பெட்டியைத் தொட்டால் கடவுளுக்கு ஆபத்து வந்துவிடுகிறது!

ஆகவே பங்குப் பேரவையில் உட்காரும் கத்தோலிக்கத் தொழிலாளர்களே, விவசாயக் கூலித் தோழர்களே, நீங்கள்தான் முதலில் பேச வேண்டும். கோயிலும் உங்களுடையது, அதன் பெயரால் பெற்ற உரிமையும் உங்களுடையது. வருகிற சேர்க்கைப் பருவத்தில் ஒவ்வொரு கான்வென்ட் வாசலிலும் ஒரு பலகை மாட்டச் சொல்லுங்கள்: மொத்த இடம் எத்தனை, விண்ணப்பம் எத்தனை, கூலித் தொழிலாளர் பிள்ளைகள் எத்தனை பேர் சேர்ந்தார்கள். இடம் போதாவிட்டால் பெற்றோர் முன்னிலையில் குடவோலை போல் குலுக்கிச் சீட்டெடுக்கச் சொல்லுங்கள். தாய்க்குப் பரீட்சை வேண்டாம். வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வேண்டும்.

அந்தக் கோன் வைண்டிங் தோழரின் மகள் இப்போது ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படிக்கிறாள். நன்றாகப் படிக்கிறாள். அவளுடைய தம்பிக்கு வரும் ஜூனில் வயது வருகிறது. இந்தத் தடவை அந்த வாசலுக்கு அவர் தனியாகப் போகப் போவதில்லை. சங்கத் தோழர்கள் பத்துப் பேர் கூடப் போகிறோம்.