அனாமத்துக் கணக்கில் ஒரு இரும்புத் துண்டு

பி.காம் படிக்கிறவனுக்கும் பழைய பஸ்ஸுக்கும் என்னடா சம்பந்தம்னு கேப்பீங்க. இருக்கு மக்களே, கொஞ்சம் பொறுங்க.

போன மாசம் நண்பன் ஒருத்தன் வீட்டுக்குப் போயிருந்தேன், காரைக்குடிப் பக்கம். அவனோட கொள்ளுத்தாத்தா அந்தக் காலத்துல பஸ் முதலாளி. அவர் ஓட்டின பஸ்ஸுல ஒண்ணு வீட்டுக்குப் பின்னாடி கொட்டகையில இன்னும் நிக்குது. செவர்லே சேஸிஸ், பெட்ரோல் எஞ்சின், மேல மரத்துல கட்டின பாடி. பாடியில பாதி கரையானுக்குப் போயிடுச்சு. இதை எப்படியாவது ரெடி பண்ணி ஒரு தடவை ஊரைச் சுத்தணும்னு அவங்க அப்பாவுக்கு ஆசை.

வேலை பாக்க வந்த மெக்கானிக் எஞ்சினைப் பிரிக்கும்போது ஒரு இரும்புத் துண்டு கிடைச்சது. 'டி' எழுத்து மாதிரி மூணு வாய். உள்ளே ரெண்டு வட்டத் தகடு, வெளியே இருக்கிற லீவரை அசைச்சா திறந்து மூடும். ஒரு வாய்க்குத் தகரம் வெச்சு போல்ட் போட்டு அடைச்சிருந்தாங்க. பாத்த உடனே அவர் சொல்லிட்டார்: "எக்ஸாஸ்ட் பிரேக் தம்பி. இது இல்லாமலும் வண்டி ஓடும், எடைக்குப் போட்டுடலாம்."

நாப்பது வருஷமா டீசல் லாரி பாத்தவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தகடு திறந்து மூடினா டீசல் வண்டிக்காரருக்கு எக்ஸாஸ்ட் பிரேக் ஞாபகம்தான் வரும். மேசை மேல வெச்சு போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பினோம். நாலு பேர் நாலு பேர் வெச்சாங்க :-)

என் கட்சி என்னன்னா, பொருளைத் தனியா பாத்தா ஒண்ணும் தெரியாது. அது எங்க இருந்து கழண்டு வந்ததுன்னு பாக்கணும். எக்ஸாஸ்ட் பிரேக்னா புகை போற குழாய்ல இருக்கணும். இது இருந்த இடமோ கார்புரேட்டருக்கும் இன்லெட் மேனிஃபோல்டுக்கும் நடுவுல. அதாவது எஞ்சின் மூச்சை உள்ளே இழுக்கிற பக்கம். மூச்சை விடுற பக்கத்துச் சாமானுக்கு அங்க என்ன வேலை?

அடுத்து போல்ட். அடைச்சிருந்த வாய்ல இருந்தது அரை இஞ்ச் போல்ட். அதே சேஸிஸ்ல இருந்து எடுத்த இன்னொரு அரை இஞ்ச் போல்ட் அந்த ஓட்டையில ஏறவே இல்லை. ஸ்கேலை வெச்சு மரையை எண்ணினேன். சேஸிஸ் போல்ட்ல இஞ்சுக்கு 13, இதுல 12. அரை இஞ்சுக்கு 13 மரைங்கிறது அமெரிக்கக் கணக்கு. 12ங்கிறது விட்வொர்த், அதாவது பிரிட்டிஷ் கணக்கு. அப்போ நம்ம ஊர்ப் பட்டறைகள்ல ஓடினது இந்த பிரிட்டிஷ் கணக்குதான். ஆக, இந்தத் துண்டு வண்டியோட அமெரிக்காவுல இருந்து வரலை, இங்கேயே பண்ணி மாட்டினதா இருக்கணும். கம்பெனி பார்ட்ஸ் புத்தகத்துல ஆயுசுக்கும் தேடினாலும் கிடைக்காது.

அடைச்ச வாயோட உள்பக்கம் விரலை விட்டா காய்ஞ்ச கரித்தூள். பெட்ரோல் போற வழியில கரி எப்படி வந்தது?

விடை சொன்னது அவனோட அப்பத்தா. 1938ல பொறந்தவங்க, ஸ்பேனரைத் தொட்டதே கிடையாது. நாங்க பேசினதைக் கேட்டுட்டு, "கரி போடுற உருளை எங்கடா? பின்னாடி நிக்குமே?"ன்னாங்க. சின்னப் பிள்ளையில இந்த பஸ்ஸுல போயிருக்காங்களாம். விடியக்காலம் கிளீனர் பையன் பின்னாடி நின்னு கைப்பிடியைச் சுத்து சுத்துன்னு சுத்துவானாம், மூஞ்சியெல்லாம் கரி.

அவ்வளவுதான், எல்லாம் பொருந்திடுச்சு. இரண்டாம் உலகப் போர்ல பெட்ரோல் தட்டுப்பாடு வந்தப்ப நம்ம பக்கத்து பஸ்ஸெல்லாம் அடுப்புக்கரியில ஓடிச்சு. மதுரையில டி.வி.எஸ். நிறுவனமே இதுக்காக கேஸ் பிளான்ட் தயாரிச்சது. உருளையில கரியைப் போட்டு, குறைவா காத்து விட்டு எரிச்சா கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும் (விஷ வாயுதான், அந்தப் பையனை நினைச்சுப் பாருங்க). அதை வடிகட்டிக் குளிர வெச்சு எஞ்சினுக்கு அனுப்புவாங்க. எங்க துண்டு, அந்த வாயுவையும் காத்தையும் கலக்குற வால்வு. பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணிட்டு, ஒரு தகடை மூடி இன்னொண்ணைத் திறந்தா வண்டி கரிக்கு மாறிடும். அந்த வாய் ஏன் அவ்வளவு பெரிசுன்னும் புரிஞ்சது. வாயுவும் காத்தும் கிட்டத்தட்ட சரிபாதியா கலக்கணும், பெட்ரோல் குழாய் மாதிரி பென்சில் தடிமன் பத்தாது. இவ்வளவு பண்ணியும் எஞ்சினோட சக்தி மூணுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சிடும்.

இப்போ பி.காம். இருப்பாய்வு சரியா வரலைன்னா வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்துக் கணக்குல வைப்போம். பிழை எங்கன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் அது அங்கேயே இருக்கும். நஷ்டக் கணக்குல எழுதி முடிச்சா எந்த வாத்தியார் மார்க் போடுவார்? பேர் தெரியாத உதிரி பாகத்துக்கும் இதே மரியாதையைத்தான் நான் கேக்கறேன். எடைக்குப் போட்டிருந்தா ஒரு பிளேட் பரோட்டாவுக்குக் காசு வந்திருக்கும். அவசரமா ஒரு பேர் வைக்கிறது அதைவிட மோசம்னு சொல்வேன். 'எக்ஸாஸ்ட் பிரேக்'னு சீட்டு எழுதி ஒட்டியிருந்தா அப்பத்தாகிட்ட யாரு போய்ப் பேசியிருப்பா? இந்த பஸ்ஸுல போனவங்கள்ல இன்னிக்கு மிச்சம் இருக்கிறது அன்னிக்குக் குழந்தையா இருந்தவங்க மட்டும்தான்.

கதை முடியலை. நண்பனோட அப்பாவுக்கு இப்போ புது உற்சாகம். தகர டிரம் ஒண்ணு வாங்கி, கறுப்புப் பெயின்ட் அடிச்சு, பஸ் பின்னாடி மாட்டிடலாங்கிறார். வேண்டாம் அங்கிள்னு நான் ஒத்தைக்கால்ல நிக்கறேன். உருளை எப்படி இருந்ததுன்னு வீட்டுல ஒரு போட்டோ கூட இல்லை. வால்வை அதோட இடத்துலயே மாட்டுவோம், அந்த வாய் தகரம் அடைச்சபடியே இருக்கட்டுங்கிறது என் வாதம். அப்பத்தா யார் பக்கமும் சேரலை. கைப்பிடி இடது பக்கமா வலது பக்கமான்னு யோசிச்சுக்கிட்டே இருக்காங்க.