கட்டைவிரல் பக்கம்தான் வாசல்

இரவு டியூஷன் முடிந்து, எல்ஆர்டி நிலையத்திலிருந்து தனியாக நடக்கிறீர்கள். ஒருவன் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டால்? பின்னோக்கி இழுக்கத்தான் தோன்றும். அது வீண், அவனுடைய நான்கு விரல்களோடு மல்லுக்கட்டுகிறீர்கள்.

பிடியின் பலவீனம், கட்டைவிரல் நுனியும் மற்ற விரல் நுனிகளும் சந்திக்கும் இடம். மணிக்கட்டு உருண்டையல்ல, தட்டை. அதன் குறுகிய பக்கத்தை அந்த இடைவெளிக்கு நேராகத் திருப்புங்கள். முழங்கையை அவனை நோக்கித் தள்ளி, கையை உங்கள் தோள்பக்கம் சட்டென்று மடக்குங்கள். முன்கை நெம்புகோலாகிறது, மொத்த விசையும் அவனது ஒற்றைக் கட்டைவிரல்மேல் விழுகிறது.

பாய்ந்து உதைக்கும் காணொளிகளைவிட இந்த ஒன்றே உங்களுக்குப் போதும் என்பேன். ஆனால் படித்தால் வராது. நண்பரோடு மெதுவாக இருபது முறை பழகுங்கள். கைப்பேசியைப் பறிக்க வந்தவனிடம் இதைக் காட்டவேண்டாம், கொடுத்துவிடுங்கள். பிடி விட்டதும் திருப்பி அடிக்க நிற்காதீர்கள். கத்திக்கொண்டே வெளிச்சமுள்ள கடைப்பக்கம் ஓடுங்கள், பிறகு 999.