பயணமும் பச்சையுணவும்

உணவில் ஒழுக்கம் வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. வள்ளுவப் பெருந்தகையார் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்திலே, முன்னுண்டது செரித்ததறிந்து அளவோடு உண்ணுதலையே பெரிதும் வற்புறுத்தினார். ஆயின், இந்நாளில் நம்மவருட் சிலர் நெருப்புத் தீண்டாத பச்சையுணவே உணவென்றும் ஏனையவெல்லாம் நஞ்சென்றும் கொண்டு, அந்நோன்பை ஊர்விட்டு ஊர் செல்லும்போதும் அணுவளவும் தளர்த்தாது காக்க முற்படுகின்றனர். நம் பழைய மாணவருட் பலர் கொழும்புக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் ஓயாது பயணஞ் செய்வோராதலின், இதனை ஆராய்தல் வெறும் வாதத்தின்பாற்பட்டதன்று.

முதற்கண் இக்கொள்கையின் நன்மையைக் கூறுவோம். கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. இரவுப் பேருந்து நடுவழியில் நிற்க, அரைத்தூக்கத்தில் இறங்கி, பன்முறை காய்ந்த எண்ணெயிற் பொரித்த பண்டங்களை உண்டு வயிறு கெடுவார் பலர். அவர் கையில் நான்கு வாழைப்பழமும் சிறிது தேங்காய்ச் சொட்டும் இருந்திருப்பின் அத்துன்பம் நேர்ந்திராது. வன்னி மண்ணும் இதற்குக் குறைவைத்ததில்லை. பாலைப்பழம், வீரைப்பழம், நாவல், விளா, நுங்கு, இளநீர், காட்டுத்தேன் என அடுப்பின்றியே உண்ணத்தக்கவை அவ்வக்காலத்தில் இங்கு மலிந்துள்ளன. தோலோடும் ஓட்டோடும் வருவதைத் தன் கையாலுரித்து உண்பவனுக்கு வழியில் தீங்கு குறைவு.

ஆயினும், அளவு கடந்த பிடிவாதம் நகைப்புக்கும் இடனாகின்றது. முறிகண்டியில் வண்டிகள் நிற்கின்றன. பிள்ளையாருக்கு உடைத்த தேங்காய் நோன்பாளருக்கு ஆகும். பக்கத்துக் கடையின் வறுத்த கச்சான் ஆகாது! இது நகைப்போடு ஒழியும். நகைக்கவொண்ணாத தீங்குகளும் உள. எந்நீரிற் கழுவியதென்று அறியாத பச்சையிலையும், கடைக்காரர் அரிந்து ஈ மொய்க்க வைத்த அன்னாசித் துண்டும் வயிற்றோட்டத்தையும் நெருப்புக்காய்ச்சலையும் செங்கண்மாரியையும் தரவல்லன. முளைவந்த பயற்றை வெப்பத்தில் நெடுநேரம் மூடிவைப்பின் அதில் நோய்க்கிருமிகளும் பெருகும். மரவள்ளியிலுள்ள சயனைட்டு நஞ்சு உரித்து, அவித்து, நீரை வடித்தபின்னரே தணிகின்றது. அடுப்பு நம் முன்னோர் கண்ட காவலரண் என்பதை மறத்தலாகாது.

இவ்வழியில் நமக்கு முன் நடந்தவர் காந்தியடிகள். 1893இல் தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியாவில் பச்சையுணவை அவர் சோதித்தார். பதினொரு நாளில் விடுத்தார். 1927இல் யாழ்ப்பாணம் வந்து சென்ற அவர், 1929இல் ஆந்திரச் சுற்றுப்பயணத்தின்போது, இராஜமகேந்திரபுரத்துச் சுந்தரம் கோபாலராவ் என்பாரின் தூண்டுதலால் மீண்டும் அதனைத் தொடங்கினார். முளைவந்த கோதுமை, அரைத்த வாதுமை, பச்சிலை, எலுமிச்சை, தேன் என்பனவே அவரது உணவாயின. இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராப் பக்கத்துக்குச் சென்றபோதும் அதனை விட்டிலர். இறுதியில் வயிற்றுளைவு கண்டது. ஆகஸ்ட் மாதத்தில் அச்சோதனையை நிறுத்தி ஆட்டுப்பாலுக்கு மீண்டார். நடந்ததை மறையாது தம் ‘யங் இந்தியா’ இதழில் உலகறிய எழுதினார். உறுதிக்கு அவரின் மிக்காரைக் காண்டலரிது. அத்தகையாரே உடல் உரைத்த தீர்ப்புக்குத் தலைவணங்கினாரெனின், நாம் வணங்காமை அறிவுடைமையாகுமா?

மற்றொன்றும் கருதுதற்குரியது. பயணி தனியனல்லன், பிறர் வாயிலில் நிற்பவன். வற்றாப்பளைப் பொங்கலுக்கு நடந்து செல்வோருக்கும், கதிர்காம யாத்திரிகருக்கும் வழிநெடுக ஏழைக் குடியினர் சோறு வடித்துக் காத்திருப்பதுண்டு. அவர் நீட்டும் கஞ்சியை, “யாம் சமைத்தது தொடோம்” என ஒதுக்குவது அவருள்ளத்தைச் சுடும். 2009ஆம் ஆண்டை நம் மக்கள் மறந்திலர். ஏறத்தாழ 3 இலட்சம் பேர் செட்டிகுளம் முதலிய இடத்து முகாம்களில் அடைபட்டு, சமைத்த உணவுப் பொதிக்கு நெடுவரிசையில் நின்றனர். அன்று ஒருபிடி சுடுசோறு எத்துணை அருமையாயிருந்ததென்பதை அறிந்த தாய்மார் இன்னும் நம்மிடையே உளர். அத்தாய் ஆக்கிப் படைக்கும் அன்னத்தை நஞ்சென்பதற்கு நமக்கு நாவெழலாமா? இன்னதுதான் உண்பேன் எனத் தெரிந்தெடுக்கும் உரிமையே நிறைந்த வயிற்றினர்க்கு வாய்த்த பேறன்றோ?

ஆதலின் எமது துணிபு இது. பயணத்திற் பச்சையுணவை விரும்புவோர் உண்க, தடையில்லை. முழுப்பழமும் இளநீரும் கொள்க, அரிந்துவைத்ததை விலக்குக, நீர் ஐயத்துக்குரியதாயின் இலையுணவைத் தொடாது விடுக. நெடுநாள் இந்நெறி நிற்போர், விற்றமின் பி12 தாவர உணவிற் போதியளவு கிடையாதென்பதை உணர்ந்து மருத்துவரைக் கேட்க. குழந்தைகளையும் கருவுற்ற தாய்மாரையும் நோயாளரையும் இதற்கு உட்படுத்தாது விடுக. அன்போடு ஒருவர் சோறிடின், ஒருவேளை நோன்பை ஒத்திவைத்து உண்க. இல்லத்தில் எஞ்சிய நாளெல்லாம் நோன்பு காக்கலாம். இட்டவர் முகம் வாடியபின் அம்மலர்ச்சியை எங்கே சென்று மீட்பது?

உணவு நெறி உடலைக் காத்தற்கு, உடல் பிறர்க்குதவுதற்கு. இம்முறை மாறாது நிற்பார்க்குப் பச்சையுணவும் நன்று, பாலுஞ் சோறும் நன்று.