கேள்வி கேட்கப்படும் தலைவன்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து, மேல்சித்தாமூரிலிருந்து செஞ்சிக்குப் போகும் பேருந்துக்காக நின்றிருந்தபோது, நம் சபை வாலிபர் ஒருவர், "ஐயா, ஹிட்லரைப் போல ஒருவர் வந்தால்தான் இந்த நாடு உருப்படும்" என்றார். நின்றிருந்தவர்களில் சிலர் தலையசைத்தார்கள். அவர் தீயவர் அல்லர். பட்டா மாறுதலுக்காகப் பல மாதங்கள் அலைந்தவர். சாமுவேலின் குமாரர் பரிதானம் வாங்கியதைக் கண்டு கசந்துதானே இஸ்ரவேலரும் ஒரு ராஜாவைக் கேட்டார்கள்!

ஜெர்மனியிலும் அந்தக் கசப்பே வாசலைத் திறந்தது. 1933 மார்ச் 23 அன்று பாராளுமன்றமே, சட்டமியற்றும் அதிகாரத்தை ஹிட்லரின் அமைச்சரவைக்கு ஒப்புக்கொடுத்தது. கம்யூனிஸ்டுகள் உள்ளே வரவே முடியவில்லை. எதிர்த்து வாக்களித்தவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியினர் 94 பேர் மாத்திரமே. ஜூலையில் மற்றக் கட்சிகள் யாவும் சட்டவிரோதமாயின. அதே மாதம் நடந்த திருச்சபைத் தேர்தலில் ஹிட்லரின் ஆதரவாளர்களே பெருவெற்றி பெற்றனர். ஆம், வேதம் வாசித்த சபையார்தான் வாக்களித்தார்கள். 1934 மே மாதம் பார்மெனில் கூடிய சிலர், சபைக்குத் தலைவர் கிறிஸ்து ஒருவரே என்று அறிக்கையிட வேண்டியதாயிற்று.

அந்நாட்களில் நம் தேசத்தில் நடந்ததையும் பாருங்கள். 1936-இல் மனைவியை இழந்து ரோம் வழியாகத் திரும்பிய நேரு, முசோலினி விடுத்த அழைப்பை மறுத்தார். மறு ஆண்டு நவம்பரில், கல்கத்தாவின் 'மாடர்ன் ரிவ்யூ' இதழில் 'சாணக்கியன்' என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஜனங்கள் கொண்டாடும் காங்கிரஸ் தலைவர் நேரு சற்றே தடம் மாறினால் சர்வாதிகாரியாகிவிடுவார், அவரை மூன்றாம் முறை தேர்ந்தெடுக்காதீர்கள் என்று அது எச்சரித்தது. எழுதியவர் நேருவேதான்! அவரிடம் குறைகள் இல்லாமலில்லை. 1959-இல் கேரள அமைச்சரவை கலைக்கப்பட்டதை நான் மறக்கவில்லை. ஆயினும் தன்மேல் தானே சந்தேகம் எழுப்பிய தலைவனுக்கும், தன்னைச் சந்தேகிப்போரைச் சிறையில் அடைத்த தலைவனுக்கும் உள்ள தூரம் பெரிது.

அந்த வாலிபருக்கு இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தபோது எனக்கே வெட்கமாயிருந்தது. சபைக் கமிட்டியில் கட்டட நிதியைப் பற்றி ஒருவர் கேட்டதற்கு, "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று அதட்டி அவரை உட்கார வைத்தவன் நான். அவர் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. அந்த அமைதியை நான் ஐக்கியம் என்று எண்ணிக்கொண்டேன்.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப்பின் கணக்குப் புத்தகம் மேஜையின்மேல் இருக்கும். வாலிபரையும் முன்னே வந்து வாசிக்கச் சொல்லியிருக்கிறேன்.