வெளிச்சத்தைப் பார்த்து வாங்காதீர்கள்



"மிஸ், மகன் கேமிங் லெப்டொப் ஒண்டு கேட்கிறான். விளையாடுறதுக்கு இவ்வளவு காசா?"

இப்படிக் கேட்டுக்கொண்டு கற்பிட்டியிலுள்ள எங்கள் நிலையத்துக்கு ஒரு தாய் வந்தார். கணவர் இல்லை. கருவாட்டு வாடியில் வேலை. கையில் இருந்தது மூன்று வருடம் கட்டிய சீட்டுப் பணம். மகன் உயர்தரம் முடித்துவிட்டு வீடியோ எடிட்டிங்கும் அனிமேஷனும் பழகிக்கொண்டிருந்தார்.

மகன் கேட்டதில் பிழை இல்லை. இந்த வகை லெப்டொப்பில் படங்களுக்கென்றே தனியான கிராபிக்ஸ் சிப் ஒன்று இருக்கிறது. கேமுக்குத் தேவைப்படும் அதே பலம்தான் அனிமேஷன், வீடியோ வேலைகளுக்கும் தேவை. பிள்ளைக்குக் கடிதம் தட்டவும் ஒன்லைன் வகுப்புக்கும் மட்டும்தான் என்றால் சாதாரண லெப்டொப்பே போதும். மிச்சக் காசு வீட்டுக்கு உதவும்.

மூவருமாகப் புத்தளம் நகருக்குப் போனோம். ஒரு கடையில் பாவித்த லெப்டொப் ஒன்றைக் காட்டினார்கள். எழுத்துப் பலகை சிவப்பும் நீலமுமாக மின்னியது. தாய்க்கும் பிடித்துவிட்டது. "ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்கலாமா?" என்று நான் கேட்டேன். "இதெல்லாம் பொம்பிளையளுக்கு விளங்காது மிஸ்" என்று கடைக்காரர் சிரித்தார். ஆனாலும் மகன் ஒரு கேமைப் போட்டார். இருபது நிமிடத்தில் திரை உறைந்து நின்றது. அடிப்பக்கத்தில் கை வைக்க முடியவில்லை. மேசையில் வைத்தால் லெப்டொப் ஆடியது. உள்ளே பற்றரி வீங்கியிருந்தது! பேசாமல் வெளியே வந்தோம்.

கேமிங் லெப்டொப்பின் முதல் எதிரி சூடு. சாதாரண லெப்டொப்பின் சார்ஜர் 45 அல்லது 65 வோட்ஸ் என்றால், இதற்கு 180 வோட்ஸுக்கு மேலும் வரும். அவ்வளவு மின்சாரமும் சூடாகிச் சின்ன விசிறிகள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியதுண்டு. கிராபிக்ஸ் சிப் செய்யும் என்விடியா நிறுவனம், லெப்டொப்புகளில் பொருத்திய தனது சில சிப்கள் வழமையைவிடக் கூடுதலாகப் பழுதாவதாக 2008 ஜூலையில் அறிவித்தது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப்பின் இணைப்புகள் பலவீனமாகிவிடுவதே பிரச்சினை. அதற்காக 15 கோடி முதல் 20 கோடி டொலர் வரை ஒதுக்கவும் நேர்ந்தது. ஆகவே பெயரை மட்டும் நம்பக்கூடாது. கையில் எடுக்கும் பொருளைச் சோதிக்க வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை இவை:

1. அரை மணி நேரமாவது கேம் ஓடவிடுங்கள். திரை உறைகிறதா, தானாக அணைகிறதா, விசிறி கரகரக்கிறதா என்று கவனியுங்கள்.

2. மூடியைப் பலமுறை திறந்து மூடுங்கள். பிணைச்சலில் சத்தமோ வெடிப்போ இருந்தால் வேண்டாம்.

3. சமமான மேசையில் வையுங்கள். ஆடினாலோ அடிப்பக்கம் புடைத்திருந்தாலோ பற்றரி வீங்கியிருக்கக்கூடும். அது தீப்பிடிக்கவும் கூடும்.

4. திரை முழுவதும் வெள்ளையாக்கி, பிறகு கறுப்பாக்கிப் பாருங்கள். புள்ளியும் கோடும் அப்போது தெரியும். எல்லா எழுத்துகளையும் தட்டுங்கள். சார்ஜர் வயரை மெதுவாக அசையுங்கள்.

5. பாவித்தது என்றால் விண்டோஸ் 11 ஏற்குமா என்று கேளுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. இன்டெல் சிப் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும்.

6. எங்கள் கரையோரத்து உப்புக்காற்று இரும்பையே தின்னும். துளைகளிலும் திருகாணிகளிலும் துருவோ பச்சைப் படிவோ தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பற்றுச்சீட்டு. கொரோனா காலத்தில் நானும் பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு லெப்டொப் வாங்கினேன். ஒரு மாதத்தில் பிணைச்சல் உடைந்தது. "எங்கட கடையில வாங்கினதுக்கு என்ன அத்தாட்சி?" என்றார்கள். படித்தவள் நானே ஏமாந்தேன்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, நாம் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தர வேண்டும். உத்தரவாதத்துக்கு மாறாகப் பொருள் இருந்தால் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. உத்தரவாதம் எத்தனை மாதம், எதற்கெல்லாம் என்பதையும் தொடர் இலக்கத்தையும் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு மெத்தையில் வைத்துப் பாவிக்க விடாதீர்கள். காற்றுத் துளை அடைபடும். கடற்காற்று வீசும் ஜன்னலோரமும் வேண்டாம். இடி முழங்கினால் வயரைக் கழற்றிவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை விசிறியின் தூசைத் துப்புரவாக்கிக்கொள்ளுங்கள்.

அன்று கற்பிட்டி பஸ்ஸில் வரும்போது அந்தத் தாய் நெடுநேரம் பேசவில்லை. பாலாவி தாண்டியதும் சொன்னார்: "மிஸ், தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில இருந்து வெளிக்கிடேக்க எனக்குப் பத்து வயசு. எதை எடுக்கிறது, எதை விடுறது எண்டு உம்மாவுக்கு யோசிக்க நேரம் குடுக்கயில்ல. இண்டைக்கு என்ர காசு. எனக்கு நேரம் இருக்கு. நான் பாத்துத்தான் எடுப்பன்."

இரண்டு மாதம் கழித்து, உத்தரவாதத்துடன் புதியது ஒன்றை வாங்கினார்கள். அதில் வண்ண வெளிச்சம் இல்லை. கடையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்கச் சொன்னவர் அந்தத் தாய்தான். நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

சகோதரிகளே, கேள்வி கேட்பது வெட்கம் அல்ல. உழைத்த காசுக்கு நாம் செய்யும் மரியாதை அது.